ஊசியும் வேண்டும், உண்மையும் வேண்டும்!

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வலை உலர்த்துகிற இடத்திலும், பொன்னேரி வட்டத்து வயல்களில் நாற்று நடுகிற இடத்திலும், ஆலை வாசலில் ஷிப்டு மாறுகிற நேரத்திலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா, கூடாதா? செல்போனில் ஒரு செய்தி வருகிறது. ஊசி போட்டால் பின்னால் பிள்ளை பிறக்காது என்கிறது. இன்னொன்று வருகிறது, இது வெளிநாட்டான் சதி என்கிறது. மூன்றாவது ஒன்று, நடந்ததையெல்லாம் சர்க்கார் மூடி மறைக்கிறது, பத்திரிகைகள் வாய் திறப்பதில்லை என்கிறது. யார் எழுதியது, எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பெற்றவள் வயிற்றில் அது நெருப்பைக் கட்டிவிடுகிறது.

இந்த விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். தடுப்பூசி உழைப்பாளி மக்களின் குழந்தைகளைக் காக்கும் ஆயுதம். அதைக் கைவிடக் கூடாது. அந்த ஊசியைத் தயாரிப்பவன் யார், என்ன விலை, கெடுதல் நேர்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்பது மக்களின் உரிமை. அதையும் கைவிடக் கூடாது. முதலாவதை மட்டும் சொல்லி இரண்டாவதை அடக்குவது அதிகாரிகளின் வழக்கம். இரண்டாவதைக் காட்டி முதலாவதைத் தட்டிப் பறிப்பது வதந்திக்காரர்களின் வேலை. இந்த இரு சாராரிடமும் நாம் ஏமாறக் கூடாது.

பெரியம்மை எப்படி ஒழிந்தது?

நமது பாட்டன்மார் காலத்தில் பெரியம்மை ஊருக்குள் புகுந்தால் வீட்டுக்கு வீடு வேப்பிலை தொங்கும். பிழைத்தவர்கள் முகமெல்லாம் தழும்போடு பிழைத்தார்கள். சிலர் கண்ணை இழந்து பிழைத்தார்கள். வசதியுள்ளவன் வேறு ஊருக்குப் போய்விடுவான். கூலிக்காரன் எங்கே போவான்? நோயோடு அதே குடிசையில் கிடந்தான்.

அந்த நோய் இன்று உலகத்தில் இல்லை. அது தானாக ஓடிவிடவில்லை. 1958ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் மாநாட்டில் சோவியத் பிரதிநிதி விக்டர் ஜ்தானோவ் எழுந்து, பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழித்துவிட முடியும் என்று திட்டம் கொடுத்தார். சோவியத் நாடு கோடிக்கணக்கான முறை குத்துவதற்கான அம்மைப்பாலை இந்தியாவுக்கு இனாமாகவே அனுப்பியது. நமது நாட்டின் சுகாதார ஊழியர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு சேரிக்கும் குப்பத்துக்கும் நடந்தார்கள். 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் பெரியம்மை கண்டதில்லை. 1980ல் உலகமே விடுதலை பெற்றது. இளம்பிள்ளை வாதமும் அப்படித்தான். 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாகப் பரவும் அந்தக் கொடிய கிருமியால் நம் நாட்டில் ஒரு குழந்தையும் முடமானதில்லை.

பொதுப் பணத்தில், பொது ஊழியர்கள் கையால், விலையின்றிக் கிடைத்த மருந்து செய்த சாதனை இது. இதை மறந்துவிட்டு ஊசியே வேண்டாம் என்பவன், ஏழையின் குழந்தையை மீண்டும் பழைய குடிசையிலேயே கிடக்கச் சொல்கிறான்.

அறியாமையா காரணம்?

பட்டணத்துப் பெரிய மனிதர்கள் சிலர், "மீனவனுக்கும் கூலிக்காரனுக்கும் படிப்பறிவு இல்லை, அதனால்தான் பயப்படுகிறார்கள்" என்று கையை உதறிவிடுகிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. மக்களின் சந்தேகத்துக்கு அனுபவம் காரணமாக இருக்கிறது.

பழவேற்காட்டு மீனவனின் அனுபவத்தைப் பாருங்கள். தெற்கே எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்ததைக் கண்ணால் கண்டவன் அவன். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22ல், கொரோனா பயத்தில் ஊரே ஒடுங்கியிருந்த நேரத்தில், கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நாள் குறித்தார்கள். மக்கள் எதிர்த்த பிறகுதான் அது தள்ளிவைக்கப்பட்டது. 2023 டிசம்பர் 26 இரவில் எண்ணூர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூக்கத்திலிருந்த மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். இத்தனையும் கண்டவர்களிடம் அதிகாரிகள் வந்து "எங்களை நம்புங்கள்" என்றால், ஒரு கணம் தயங்க மாட்டார்களா?

ஊசி விஷயத்திலேயே அனுபவம் உண்டு. 2009-10ல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குப் போட்டார்கள். அமெரிக்க நிறுவனம் ஒன்று அதை நடத்தியது. பலர் பழங்குடிக் குழந்தைகள். பெற்றோரின் சம்மதம் கேட்க வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013ல் பார்லிமெண்ட் கமிட்டியே இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. பெண்களை அந்தப் புற்றுநோயிலிருந்து அது காக்கிறது. ஆனால் ஏழையின் சம்மதத்தைத் துச்சமாக நினைத்தவர்கள் நல்ல மருந்துக்கும் கெட்ட பெயர் வாங்கித் தந்தார்கள்.

2008ல் நடந்தது

நமது திருவள்ளூர் மாவட்டத்துக்கே வருவோம். 2008 ஏப்ரல் மாதத்தில் இங்கே தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. நாடே அதிர்ந்தது. சர்க்கார் அதற்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தது. நர்ஸ் கிராமத்துக்கு வந்து ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. டாக்டர் இருக்கும் சுகாதார நிலையத்துக்குத் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று ஆயிற்று.

பாதுகாப்புக்காக என்றார்கள். டாக்டர் அருகில் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பின் செலவை யார் தலையில் கட்டினார்கள்? ஏரிக்கு அப்பால் கடலோரக் குப்பத்தில் இருக்கும் தாய், ஒரு நாள் மீன் விற்பனையை விட்டுவிட்டு வரவேண்டும். தண்ணீரில் நின்று கையால் இறால் தடவும் இருளர் பெண் அன்றைய கூலியை இழக்க வேண்டும். நாற்று நடும் பெண்ணுக்கு அன்று வேலை போனால் அடுப்பு எரியாது. டாக்டரைக் குப்பத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக, குப்பத்தை டாக்டரிடம் நடக்கச் சொன்னார்கள்.

விளைவு என்ன? 2005-06ல் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 81 குழந்தைகளுக்கு எல்லா ஊசிகளும் முழுமையாகக் கிடைத்தன. 2015-16ல் அது நூற்றுக்குச் சுமார் 70 ஆகச் சரிந்தது. இது தேசிய குடும்ப நல சர்வே தரும் கணக்கு. இந்தச் சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாசலுக்கு வந்த ஊசி வாசலை விட்டுப் போனது ஒரு பெரிய காரணம். பிறகு ஊழியர்களின் கடும் உழைப்பால் 2019-21ல் இது சுமார் 89க்கு உயர்ந்தது. உயர்ந்தது என்பதே, மக்கள் ஊசிக்கு விரோதிகள் அல்ல என்பதற்கு அத்தாட்சி.

தட்டம்மை சாமானிய நோய் அல்ல. நோய் கண்ட ஒரு குழந்தை, ஊசி போடாத 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுத்துவிடக்கூடும். நூற்றுக்கு 95 பேருக்காவது பாதுகாப்பு இருந்தால்தான் அது ஊருக்குள் பரவாமல் நிற்கும். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு ஊசி தவறினால் நம் வீட்டுக் கைக்குழந்தைக்கும் ஆபத்து. வேலை நிறுத்தத்தில் ஐந்து பேர் கருங்காலியானால் என்ன ஆகும் என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். இதுவும் அப்படிப்பட்ட விஷயம்தான்.

ராஜாஜியின் எதிர்ப்பு

தடுப்பூசியைச் சந்தேகிப்பது நேற்று முளைத்ததல்ல. 1955ல் ராஜாஜியே காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்துச் சிறு புத்தகம் எழுதிப் பிரசாரம் செய்தார். அதற்கு முந்தைய ஆண்டுவரை சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியாக இருந்தவர் அவர். படித்தவர், மேதை என்று பெயர் வாங்கியவர். எனவே சந்தேகம் குப்பத்துக்கு மட்டும் சொந்தம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அந்தச் சர்ச்சை எப்படித் தீர்ந்தது? 1968ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. பற்றிய மாபெரும் பரிசோதனை தொடங்கியது. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அன்று அதற்குள்தான் இருந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். 1979ல் முடிவு வெளியானது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. சர்க்காருக்குக் கசப்பான முடிவுதான். ஆனாலும் அது உலகத்துக்கே பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசத்திலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது என்பதும் தெளிவாயிற்று. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் அது போடப்படுகிறது. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பகிரங்கமாகச் சொன்ன பிறகு அந்த ஊசிமீது மக்களுக்கு விரோதம் இல்லை. இதுதான் வழி. வேறு வழி இல்லை.

பொய்யைப் பரப்புவது யார்?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் தொடங்கியது. உடனே வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. பள்ளிக்கூட வாசலில் பெற்றோர்கள் குழந்தைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார்கள். இயக்கத்தை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2021ல் சென்னைக்குத் தெற்கே கோவளம் மீனவர் கிராமத்தில் பிரியாணியும் பரிசும் தருவதாகச் சொல்லித்தான் தொண்டு நிறுவனங்கள் மக்களைக் கொரோனா ஊசிக்கு அழைக்க வேண்டியிருந்தது.

சில வதந்திகள் பயத்தில் பிறக்கின்றன. சில வதந்திகள் வல்லரசுகளின் அலுவலகத்தில் பிறக்கின்றன. பின்லேடனைத் தேடிய அமெரிக்க உளவு ஸ்தாபனம் 2011ல் பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் பொய்யாக ஒரு தடுப்பூசி முகாமையே நடத்தியது. அதற்குப் பிறகு அந்நாட்டில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன ஏழைப் பெண் ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொரோனா காலத்தில் அமெரிக்க ராணுவம் பொய்ப் பெயர்களில் கணக்குகளைத் தொடங்கி, சீனத் தடுப்பூசியைப் பற்றிப் பிலிப்பைன்ஸ் மக்களிடம் ரகசியமாக அவதூறு பரப்பியது. 2024 ஜூனில் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் இதை அம்பலப்படுத்தியது. மருந்தில்லாமல் பிலிப்பைன்ஸ் உழைப்பாளி செத்தாலும் பரவாயில்லை, சீனாவுக்கு நல்ல பெயர் வரக்கூடாது என்பதுதான் அவர்களின் கணக்கு! அடுத்த முறை செல்போனில் முகவரியில்லாத செய்தி வந்தால், இதனால் லாபம் யாருக்கு என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

வாய்ப்பூட்டு மருந்தாகாது

வதந்தி பரவுகிறது என்று சொல்லி மக்களின் வாயைப் பூட்டலாமா? கூடாது. அது வதந்திக்கு எரு போடும் வேலை.

1897ல் பம்பாய் ராஜதானியில் பிளேக் பரவியபோது வெள்ளைக்கார சர்க்கார் வீடு புகுந்து அட்டூழியம் செய்தது. அதைக் கண்டித்துக் கேசரி பத்திரிகையில் எழுதிவந்த திலகர்மீது ராஜத்துரோக வழக்குப் போட்டு 18 மாதச் சிறை விதித்தார்கள். அதே 1897ல் பிறந்த தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020ல் நமது சர்க்காரும் கையில் எடுத்தது. 2021 ஏப்ரலில் ஆஸ்பத்திரி வாசலில் மக்கள் ஆக்ஸிஜன் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தபோது, சர்க்காரைக் குறைகூறிய பதிவுகளை நீக்கும்படி ட்விட்டர் நிறுவனத்துக்கு மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. அவற்றில் ஒரு பார்லிமெண்ட் அங்கத்தினரின் பதிவும் இருந்தது. ஏப்ரல் 30ல் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, ஆக்ஸிஜனும் படுக்கையும் கேட்டுக் குமுறும் மக்களை அடக்கினால் கோர்ட் அவமதிப்பாகக் கருதுவோம் என்று எச்சரிக்க நேர்ந்தது. உண்மையைச் சொன்னவன் வாயையும் பொய் சொன்னவன் வாயையும் ஒரே பூட்டால் பூட்டினால், மக்கள் எதை நம்புவார்கள்?

அதே ஏப்ரலில் நமது சென்னையில் நடந்ததை நினைவுபடுத்துகிறோம். நடிகர் விவேக் 15ந் தேதி ஓமந்தூரார் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டார். மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17ந் தேதி மாரடைப்பால் காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று அதிகாரிகள் உடனே சொன்னார்கள். மத்திய நிபுணர் கமிட்டி விசாரித்து அதையே உறுதி செய்தது. ஆனால் அந்த முடிவு வெளியே தெரிய அக்டோபர் மாதம் ஆயிற்று! நடுவில் ஆறு மாதங்கள். அந்த ஆறு மாதமும் வதந்திதான் ஊரை ஆண்டது. முடிவையும் அதன் ஆதாரத்தையும் சில வாரங்களில் தமிழில் அச்சிட்டு ஊர்தோறும் ஒட்டியிருந்தால் எத்தனை பேர் பயம் தெளிந்திருப்பார்கள்! தாமதமாக வரும் உண்மை, பொய்க்குத் துணை போகிறது.

2022 மே 2ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதையும் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். யாரையும் பலவந்தமாக ஊசி போட வைக்க முடியாது என்றது. சர்க்காரின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றது என்று சொல்ல முடியாது என்றும் கூறியது. பரிசோதனை விவரங்களையும் ஊசிக்குப் பின் நேர்ந்த கெடுதல்களின் கணக்கையும் மக்கள் முன் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இவை மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்துச் சொல்பவன் நம்மை ஏமாற்றுகிறான்.

லாப வேட்டை

அவநம்பிக்கையின் வேர் இன்னொன்றும் உண்டு. அதன் பெயர் லாபம். 2008 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஒரே அடியாக மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிலையங்களின் உற்பத்தி லைசென்சை நிறுத்தி வைத்தது. கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம். தரம் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். தரம் குறைந்தால் பணம் போட்டுச் சீர்படுத்துவதுதானே முறை? கூரை ஒழுகினால் வீட்டையா இடிப்பார்கள்? 2010 பிப்ரவரியில் உத்தரவை ரத்து செய்வதற்குள் தனியார் கம்பெனிகளுக்கு வழி விரிந்துவிட்டது. செங்கல்பட்டில் மக்கள் பணத்தில் கட்டிய பெரிய தடுப்பூசி வளாகம், கொரோனாவின் கொடிய நாட்களில் ஒரு குப்பி மருந்தும் தராமல் கிடந்தது.

பலன் என்ன? 2021 மே மாதத்தில் இளைஞர்களுக்கு ஊசி வேண்டுமானால் மாநிலங்களே விலை கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் என்று மத்திய சர்க்கார் கைகழுவியது. தனியார் ஆஸ்பத்திரியில் கோவாக்சின் ஓர் ஊசிக்கு 1,410 ரூபாய்வரை வாங்கலாம் என்று ஜூனில் விலை குறித்தார்கள். சர்க்காரின் சொந்த ஆராய்ச்சி ஸ்தாபனம் கூட இருந்து உருவாக்கிய மருந்து அது! அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 273 ரூபாய். இரண்டு ஊசிக்கு 2,820 ரூபாய். பத்து நாள் கூலியும் போதாது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகுதான் ஜூன் 21 முதல் எல்லோருக்கும் இலவசம் என்று இறங்கி வந்தார்கள். ஊசியால் தங்கள் பிள்ளை இறந்தது என்று பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தபோது, 2022 நவம்பரில் சர்க்கார் கொடுத்த பதில் என்ன? நஷ்டஈட்டுக்குச் சர்க்கார் பொறுப்பல்ல, சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்பது! போட்டுக்கொள் என்று ஊரெல்லாம் முழங்கியவர்கள், பொறுப்பு என்று வந்ததும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பது ஊரார் முன்னிலையில் முடிவாகிறது. இருளர் போன்றவர்களுக்கு அதில் இடமில்லை என்ற பெருங்குறை அதற்கு உண்டு. ஆனால் பங்கு பெற்றவர்கள் அதை நம்புவதற்குக் காரணம், கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது என்பதுதான். தடுப்பூசிக் கணக்கும், ஒருவரையும் விலக்காமல், அப்படி வெளிச்சத்துக்கு வர வேண்டும்.

எனவே நாம் வற்புறுத்துகிறோம். ஊசிக்குப் பின் மரணமோ கடும் நோயோ நேர்ந்தால், விசாரணை முடிவைக் காலக்கெடுவுக்குள் தமிழில் வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கோர்ட்டுக்கு அலையவிடாமல் நஷ்டஈடு தர வேண்டும். கிராம சுகாதார நர்ஸ் பதவிகளைக் காலியாக வைக்காமல், குப்பத்துக்கும் சேரிக்கும் ஊசி தவறாமல் வர ஏற்பாடு செய்ய வேண்டும். குழந்தைக்கு ஊசி போடும் நாளில் தாய்க்கு ஆலையில் சம்பளத்துடன் லீவு வேண்டும். பொதுத்துறைத் தடுப்பூசி நிலையங்கள் முழு மூச்சில் இயங்க வேண்டும். கேள்வி கேட்டவன்மீது போலீசை ஏவக் கூடாது.

தாய்மார்களுக்கும் சொல்கிறோம். ஊசி போடுமிடத்தில் தைரியமாகக் கேளுங்கள். இது எந்த நோய்க்கு? காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? அடுத்தது எப்போது? அட்டையைப் பத்திரமாக வையுங்கள். போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். அதன்மேல் ஒரு சிறு வட்டமும் நடுவில் வெளிறிய சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கருக்கும். வட்டத்தைப் போலவே கருத்துவிட்டால் அந்த மருந்து உதவாது. 2 டிகிரி முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டிய மருந்து அது. ஐஸ் இல்லாத மீன் என்ன ஆகும் என்று குப்பத்து மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தட்டம்மை மருந்தைக் கரைத்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும். இவற்றைக் கேட்பதால் நர்சுக்கு அவமானமில்லை. அவரும் கூலிக்கு உழைக்கும் நம் இனத்தவர்தான். கேட்கிற ஊரில் தவறு குறையும்.

சங்கங்களும் சும்மா இருக்கக் கூடாது. ஆலைச் சங்கமும், விவசாயத் தொழிலாளர் சங்கமும், மீனவர் சங்கமும் அந்தந்த ஊர் டாக்டரையும் நர்சையும் அழைத்துக் கூட்டம் போட வேண்டும். சந்தேகத்தை மனத்தில் வைத்துப் புழுங்காமல் அங்கே எழுந்து கேட்க வேண்டும். பதில் கிடைக்காத கேள்விகளைத் தீர்மானமாக எழுதி, மாவட்ட அதிகாரியிடம் கொடுத்துப் பதில் வாங்க வேண்டும்.

நமது குழந்தைகளை நோய்க்கும் பறிகொடுக்க மாட்டோம், பொய்க்கும் பறிகொடுக்க மாட்டோம். ஊசி நமது உரிமை. உண்மை அறிவதும் நமது உரிமை. இரண்டையும் ஒற்றுமையின் பலத்தால் வாங்கியே தீருவோம்!